திருப்பிச் சொல்கிறவள்

ஆதிலட்சுமி (மனத்துக்குள்): வர்த்தமானன் சார் கேட்டுவிடப் போகிறார். தார்ப்பாயின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். கேட்பதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் வேறு எதையாவது பேச வேண்டும். எதையாவது.

ஆதிலட்சுமி: சார், இந்தப் பக்கம் இன்னும் சுடுது. களத்துல இன்னும் ரெண்டு குடம் தண்ணி ஊத்தியிருக்கணும்.

வர்த்தமானன்: ஊத்தியாச்சும்மா. சிமெண்டு குடிச்சிடுது. ஜனங்க வர்றதுக்குள்ள ஆறிடும்.

ஆதிலட்சுமி: அரிசி மில்லு ஓடுன காலத்துல நெல்லு காய வெச்சாங்க. இப்ப நீங்க மனுஷங்களைக் காய வெக்கறீங்க.

வர்த்தமானன்: நெல்லு வாயத் தெறக்காது. இவங்க தெறக்கறாங்களே.

ஆதிலட்சுமி: இதை இன்னிக்கு ஆரம்பத்துல சொல்லுங்க. கைதட்டுவாங்க.

வர்த்தமானன்: நீங்க திருப்பிச் சொன்னாத்தான் தட்டுவாங்க. என் தொண்டை முன்வரிசையத் தாண்டுமா?

ஆதிலட்சுமி: ஒரு மைக்செட்டு வெச்சா முடிஞ்சுது. இந்தப் பேச்சு வட்டம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து சொல்றேன்.

வர்த்தமானன்: மைக் வெச்சா மேடை வேணும். மேடை போட்டா மாலை வேணும். மாலை வாங்கினா...

ஆதிலட்சுமி: அதைப் போட்டுக்க ஒரு கழுத்து வேணும். தெரியும் சார். எத்தனை வாட்டி திருப்பிச் சொல்லியிருக்கேன் இதை.

வர்த்தமானன்: அதுக்குத்தானே நீங்க. ஒருத்தர் உக்காந்த எடத்துல பேசணும், நடுவுல நின்னு நீங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி திருப்பிச் சொல்லணும். இதுல என்ன அழகுன்னா...

ஆதிலட்சுமி: பசங்க எனக்கு வெச்ச பேரு தெரியுமில்ல? எதிரொலி டீச்சர்.

வர்த்தமானன்: நல்ல பேருதானே.

ஆதிலட்சுமி: பஸ் ஸ்டாண்டுல கூப்பிடறாங்க சார். கீழ்பென்னாத்தூர் பஸ்ல ஜன்னல் சீட்டுலேர்ந்து ஒருத்தன் "எதிரொலி டீச்சர், டைம் என்ன"ங்கறான். பக்கத்துல ஒருத்தன் "திருப்பிக் கேளுடா, அப்பதான் சொல்லுவாங்க"ங்கறான்.

வர்த்தமானன்: ...

ஆதிலட்சுமி: சிரிக்கல நீங்க.

வர்த்தமானன்: சிரிச்சேன்.

ஆதிலட்சுமி: இன்னிக்கு எப்ப முடிக்கறோம்? உங்க ஜைன வழக்கப்படி வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி நீங்க சாப்பிட்டாகணுமே. உங்க சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஊரே பேசி முடிக்குது.

வர்த்தமானன்: இன்னிக்குப் பசிக்கலம்மா.

ஆதிலட்சுமி: கண்ணாடிய தொடைக்கறீங்க.

வர்த்தமானன்: தூசி.

ஆதிலட்சுமி: தூசி இல்ல.

வர்த்தமானன்: ...இல்ல. நாளைக்கு விசாரணை.

ஆதிலட்சுமி: தெரியும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல. காலையில.

வர்த்தமானன்: எல்லம்மாவக் கூப்பிட்டிருக்காங்க.

ஆதிலட்சுமி: அவளைத்தானே கூப்பிடணும். செத்தது அவ புருஷன்.

வர்த்தமானன்: ஆதிலட்சுமி... உக்காருங்களேன்.

ஆதிலட்சுமி: தார்ப்பா இன்னும் ஒழுங்கா விரிக்கல.

வர்த்தமானன்: அது கெடக்கட்டும். லாட்ஜ்காரங்க எழுதிக் குடுத்ததை இன்னிக்குத்தான் படிச்சேன். அப்பாசாமி குடிச்சிட்டு வந்தான், பின்பக்கம் செப்டிக் டேங்க் மூடி தெறந்திருந்துது, இருட்டுல தெரியாம உள்ள விழுந்துட்டான். இதுதான் அவங்க சொல்றது. எல்லம்மாவும் அதுக்குக் கீழ கைநாட்டு...

ஆதிலட்சுமி: கைநாட்டு இல்ல. கையெழுத்து.

வர்த்தமானன்: சரி, கையெழுத்து.

ஆதிலட்சுமி: அறிவொளி வகுப்புல நான் கத்துக் குடுத்த கையெழுத்து. "ல்"லுல புள்ளி வெக்க மறக்காதன்னு அப்பவே சொல்லுவேன். அதுலயும் வெச்சிருக்கா. பாத்தீங்களா?

வர்த்தமானன்: பாத்தேன்.

ஆதிலட்சுமி: ம்.

வர்த்தமானன்: அதுக்கப்பறம் போன கூட்டம். பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்ற கூட்டத்துனால நம்ம ஊருக்கு என்ன ஆகுதுன்னு பேசினோம். தண்ணி, குப்பை, ஆட்டோ சார்ஜு, லாட்ஜ் வாடகை... எல்லம்மா எழுந்து நின்னா. அவ சொன்னதா நீங்க திருப்பிச் சொன்னது...

ஆதிலட்சுமி: சொன்னதா இல்ல. சொன்னது.

வர்த்தமானன்: என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.

ஆதிலட்சுமி: உங்களுக்கே தெரியும்.

வர்த்தமானன்: ஒருவாட்டி.

ஆதிலட்சுமி: "எம் புருஷன் குடிச்சிட்டு விழல. இடுப்புல கயிறு கட்டி உள்ள எறக்கி உட்டாங்க."

வர்த்தமானன்: "எம் புருஷன்."

ஆதிலட்சுமி: உங்க விதிதானே சார். அவங்க "நான்"னா நாமளும் "நான்". "அவங்க சொல்றாங்க"ன்னு நடுவுல ஒரு ஆளு நுழையக்கூடாது. கூட்டக்கூடாது, கொறைக்கக்கூடாது.

வர்த்தமானன்: அதனாலதான் எல்லாரும் நம்பினாங்க. பசங்க ராத்திரியோட ராத்திரியா நோட்டீஸ் ஒட்டினாங்க. பத்திரிகைக்காரன் வந்தான். விசாரணை வரைக்கும் போயிடுச்சு.

ஆதிலட்சுமி: நல்லதுதானே?

வர்த்தமானன்: உங்க வீட்டுக்காரரு முருகையன் எப்படி இருக்காரு?

ஆதிலட்சுமி: ஏன்?

வர்த்தமானன்: சும்மாதான் கேட்டேன்.

ஆதிலட்சுமி: அதே லாட்ஜுக்குத்தான் போறாரு, வராரு. மேனேஜர் சீட்டுலதான் உக்கார்றாரு. மேனேஜர் பொண்டாட்டி வாயிலேர்ந்தா இந்தப் பேச்சு வந்துதுன்னு மொதலாளி கேட்டாராம். "பேச்சு எல்லம்மாவுது, வாய் மட்டுந்தான் அவளுது"ன்னு இவரு சொல்லியிருக்காரு.

வர்த்தமானன்: கெட்டிக்கார பதில்.

ஆதிலட்சுமி: நான் சொல்லிக் குடுத்த பதில்.

வர்த்தமானன்: ஆதிலட்சுமி, அன்னிக்கு நான் எங்க உக்காந்திருந்தேன்?

ஆதிலட்சுமி: எப்பவும் உக்கார்ற எடத்துல.

வர்த்தமானன்: இல்ல. வெயில் அடிச்சுதுன்னு எடம் மாறினேன். எல்லம்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். அவ எழுந்து நின்னப்ப அவ புடவைத் தலைப்பு என் தோள் மேல பட்டுது. அவ்ளோ பக்கம்.

ஆதிலட்சுமி: அதுக்கு?

வர்த்தமானன்: "எம் புருஷன்"னா. அதோட நின்னு போச்சு. வாய் தெறந்தபடியே இருந்துது, சத்தம் வரல. நான் அவ மொகத்தையேதான் பாத்துகிட்டிருந்தேன். நீங்க கூட்டத்துப் பக்கம் திரும்பி முழுசா சொல்லி முடிச்சீங்க.

ஆதிலட்சுமி: மெதுவா சொன்னா. உங்களுக்குக் காது...

வர்த்தமானன்: என் காது நல்லாத்தான் இருக்கு. தொண்டைதான் போச்சு.

ஆதிலட்சுமி: எப்பத்துலேர்ந்து தெரியும்?

வர்த்தமானன்: அந்த நிமிஷமே.

ஆதிலட்சுமி: ஏன் நிறுத்தல சார்? ஒருத்தர் "தண்ணி கம்மி"ன்னு சொன்னதை நான் "தண்ணி குறைவு"ன்னு சொன்னேன்னு கூட்டத்த நிறுத்தித் திருத்தச் சொன்னவரு நீங்க. "அவர் வார்த்தைய அவர்கிட்டயே குடுங்க"ன்னீங்க. ஜனங்க சிரிச்சாங்க. அன்னிக்கு மட்டும் ஏன் பேசாம உக்காந்திருந்தீங்க?

வர்த்தமானன்: களமே எழுந்து நின்னுதும்மா.

ஆதிலட்சுமி: அதுக்காகவா?

வர்த்தமானன்: நீங்க பாத்தீங்களா தெரியல. பின்னாடி சைக்கிள் மேல சாஞ்சு நின்னவன்லாம் ஸ்டாண்டு போட்டுட்டு உள்ள வந்தான். இத்தனை வருஷத்துல... ரேஷன், கொசு, தெருவிளக்கு... பேசிட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அன்னிக்கு யாரும் டீ குடிக்கல. நான் இதை ஆரம்பிச்சது இப்படி ஒரு நாளுக்குத்தான்னு தோணுச்சு. ஆசைப்பட்டுட்டேன்.

ஆதிலட்சுமி: ஆசை.

வர்த்தமானன்: ஆமா. வெக்கமாத்தான் இருக்கு.

ஆதிலட்சுமி: பத்திரிகையில உங்க போட்டோ நல்லா வந்துது.

வர்த்தமானன்: குத்துங்க. குத்தலாம். ஆனா நாளைக்கு அந்தப் பொம்பளை தனியா போய் நிக்கணும். "நீ சொன்னியா?"ன்னு கேப்பாங்க. சொன்னேன்னா, "நீ பாத்தியா?"ன்னு கேப்பாங்க. சொல்லலன்னா, அவங்க தெருவே அவளை வெலை போயிட்டான்னு சொல்லும். ரெண்டு பக்கமும் அடி.

ஆதிலட்சுமி: நான் என்ன பண்ணணும்ங்கறீங்க?

வர்த்தமானன்: இன்னிக்குக் கூட்டம் ஆரம்பிச்ச உடனே மூணே வரி. "போன கூட்டத்துல எல்லம்மா 'எம் புருஷன்'னுதான் சொன்னாங்க. மீதிய நான் சேத்துட்டேன். உணர்ச்சிவசப்பட்டுட்டேன்." அவ்ளோதான்.

ஆதிலட்சுமி: அவ்ளோதானா.

வர்த்தமானன்: அதுதானே நெஜம்?

ஆதிலட்சுமி: ...சொன்னா வட்டம் என்ன ஆவும்? இனிமே யாரு எதை நம்பிப் பேசுவாங்க இங்க?

வர்த்தமானன்: போகும். போகட்டும்.

ஆதிலட்சுமி: நெஜமாத்தான் சொல்றீங்களா?

வர்த்தமானன்: மூணு ராத்திரி தூங்காமத்தான் சொல்றேன். எல்லம்மா தப்பிச்சுப்பா. நீங்களும்.

ஆதிலட்சுமி: அப்பாசாமி?

வர்த்தமானன்: அப்பாசாமி செத்துட்டான்மா.

ஆதிலட்சுமி: குடிகாரனா.

வர்த்தமானன்: அவன் குடிச்சானா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?

ஆதிலட்சுமி (மனத்துக்குள்): நமக்கு. எவ்வளவு சுலபமாக என்னையும் அந்தச் சொல்லுக்குள் இழுத்துக்கொண்டார். இல்லை, சோதித்துப் பார்க்கிறாரா? கண்ணாடியில்லாத அந்தக் கண்களைப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. என் முகத்தில் என்ன தெரிகிறது?

வர்த்தமானன்: ஆதிலட்சுமி?

ஆதிலட்சுமி: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

வர்த்தமானன்: கேட்டாண்ட யாரோ நிக்கறாங்க. அதுக்குள்ள வந்துட்டாங்களா ஜனங்க...

எல்லம்மாள்: டீச்சர் கீறாங்களா உள்ள?

வர்த்தமானன்: எல்லம்மா... வாம்மா, வா. இந்த வெயில்ல நடந்தா வந்த?

எல்லம்மாள்: நடக்காம? வணக்கம் சார். டீச்சரைப் பாக்கணும்.

ஆதிலட்சுமி: உக்காரு எல்லம்மா. இந்தா, நெழல்ல.

எல்லம்மாள்: குந்தறதுக்கு வரல டீச்சர்.

ஆதிலட்சுமி: தண்ணியாவது குடி.

எல்லம்மாள்: ஒண்ணும் வேணாம். சார் கொஞ்சம் அந்தாண்ட போனார்னா...

வர்த்தமானன்: போறேன், போறேன்.

ஆதிலட்சுமி: வேணாம். சார் இருக்கட்டும் எல்லம்மா. அவருக்கும் தெரியும்.

எல்லம்மாள்: இன்னா தெரியும்?

ஆதிலட்சுமி: அன்னிக்கு நீ என்ன சொன்ன, என்ன சொல்லலன்னு.

எல்லம்மாள்: ஓ.

வர்த்தமானன்: பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்மா.

எல்லம்மாள்: அப்ப நல்லதாப் போச்சி. ஒரு மாசமா நான் மட்டுந்தான் இதை வெச்சிக்கினு கீறேன்னு நெனச்சேன். மூணு பேரு கீறோம்.

ஆதிலட்சுமி: யார் கேட்டாலும் நீ என்ன சொன்ன எல்லம்மா? இந்த ஒரு மாசமா?

எல்லம்மாள்: நான்தான் சொன்னேன்னேன்.

வர்த்தமானன்: நீ சொன்னதாவா?

எல்லம்மாள்: வேற இன்னா சொல்றது? டீச்சர் தப்பா சொல்லாது. எனக்குக் கைய புடிச்சி எழுத்து எழுத வெச்சது. எதனா காரணம் இருக்கும்னு "ஆமா, நான்தான் சொன்னேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியறேன். எங்க தெருவுல என்னைத் தூக்கி வெச்சிக்கினு ஆடறாங்க. லாட்ஜிலேர்ந்து ஒரு ஆளு வந்து பல்லைக் கடிச்சிட்டுப் போறான். இவங்களும் அவங்களும் கேக்கறது ஒண்ணுதான். "நீ பாத்தியாடி?" நான் எங்க பாத்தேன்? நான் அன்னிக்குக் களை வெட்டப் போயிருந்தேன்.

ஆதிலட்சுமி: எல்லம்மா...

எல்லம்மாள்: இரு டீச்சர். நான் பேசிக்கறேன். அன்னிக்குத்தான் பேச முடியல, இன்னிக்கு வருது. எம் வீட்டு ஆளு சத்தியம் பண்ணான். எம் பொண்ணு வயசுக்கு வந்தப்போ. கற்பூரத்த கையால அடிச்சி அணைச்சி, இனிமே குடியத் தொட மாட்டேன்னான். தொடல. தீவாளிக்குக் கூட தொடல. லாட்ஜில கூட வேலை செய்யறவன்லாம் கிண்டல் பண்ணான், "பொண்டாட்டிக்குப் பயந்தவன்"னு. இவன் சிரிச்சிக்கினு வருவான். நானு... நானு அதைப் போயி ஊரெல்லாம் சொல்லிக்கினேன். பெருமையா.

ஆதிலட்சுமி: தெரியும்.

எல்லம்மாள்: அப்பறம் ஒரு நாளு தூக்கியாந்து போட்டாங்க. குடிச்சிட்டு விழுந்தான்னாங்க. கிட்டப் போனா சட்டையெல்லாம் பிராந்தி நாத்தம். நான் இன்னா நெனைப்பேன்?

வர்த்தமானன்: பிராந்தியா?

எல்லம்மாள்: ஆமா சார். அந்த டேங்க் நாத்தத்தையும் மீறி அடிச்சிது. நான் அழுவல. தொடல. எல்லாரும் மாரடிச்சிக்கினு அழுவறாங்க, நான் எழுந்து போயி அந்த ஆளு மொகத்து மேல துப்பனேன்.

ஆதிலட்சுமி: எல்லம்மா, வேணாம்...

எல்லம்மாள்: எம் பொண்ணு பாத்துது. இன்னிய வரைக்கும் எங்கிட்ட நேரா பேசல அது. காரியம் பண்ணல. போட்டோவத் திருப்பி வெச்சேன். காலையில எழுந்தா திட்டுவேன், படுக்கப் போறப்போ திட்டுவேன். அப்பதான் டீச்சர் வந்து கூப்பிட்டுது. "களத்துக்கு வா எல்லம்மா, எல்லாரும் பேசறாங்க, நீயும் பேசு"ன்னுது. எனக்கு இன்னா தெரியும் பேசறதுக்கு? புருஷன் பூட்டான், லாட்ஜில எனக்கு ஒரு பெருக்கற வேலை வாங்கிக் குடுங்கன்னு கேக்கலாம்னு எழுந்தேன் சார். வேற ஒண்ணும் இல்ல.

வர்த்தமானன்: வேலை கேக்கறதுக்கா?

எல்லம்மாள்: ஆமா. "எம் புருஷன்"னு ஆரம்பிச்சேன். அந்த வார்த்தையே வாயில கசந்துது, அடச்சிக்கிச்சி. டீச்சர் அந்தாண்ட திரும்பி, எம் பேச்சா சொல்லுது. எறக்கி உட்டாங்கன்னு. குடிக்கலன்னு. நான் சொன்னதுன்னு எல்லாரும் கேட்டாங்க. நானும் அப்பதான் கேட்டேன்.

வர்த்தமானன்: அது வரைக்கும் உனக்குத் தெரியாதா?

எல்லம்மாள்: எனக்கு யாரு சொன்னாங்க சார்? வீட்டுக்குப் போயி போட்டோவத் திருப்பினேன். எம் பொண்ணுகிட்ட "உங்க நைனா குடிக்கலியாம்"னேன். "யாரு சொன்னா?"ன்னுது. "நான்தான் சொன்னேன்"னேன். பைத்தியமான்னு பாத்துது. அதான் டீச்சர் வந்தேன். நாளைக்கு அதிகாரி கேப்பாரு. அவருக்கு இன்னா வேணா சொல்லிக்கறேன், அதைப் பத்தி இல்ல. எனக்குத் தெரியணும். உனக்கு யாரு சொன்னா?

வர்த்தமானன்: எல்லம்மா, கொஞ்சம் பொறு. டீச்சர் அன்னிக்கு...

எல்லம்மாள்: உங்களைக் கேக்கல சார். டீச்சர், மொகத்தப் பாரு. யாரும் சொல்லலியா? இவ மனசு ஆறட்டும்னு நீயே கட்டிச் சொன்னியா? அப்படி இருந்தா அதையும் சொல்லிடு. கோவிச்சிக்க மாட்டேன். போட்டோவத் திரும்பவும் திருப்பி வெச்சிட்டுத் திட்டிக்கறேன். பழக்கந்தானே. நடுவுல நிக்கறதுதான் முடியல.

ஆதிலட்சுமி: எல்லம்மா, நான்...

வர்த்தமானன்: ஆதிலட்சுமி, பேசாதீங்க.

எல்லம்மாள்: ஏன் சார் தடுக்கறீங்க?

வர்த்தமானன்: தடுக்கலம்மா. ரெண்டு நிமிஷம். டீச்சர்கிட்ட ஒண்ணு சொல்லிக்கறேன்.

ஆதிலட்சுமி: இங்கயே சொல்லுங்க. அவ கேக்கட்டும்.

வர்த்தமானன்: ...சரி. நான் இப்ப கணக்குப் போட்டுட்டேன்மா. இத்தனை நாளா நீங்க ஏதோ இரக்கத்துல சொன்னீங்கன்னுதான் நெனச்சேன். சட்டையில பிராந்தின்னு இவ சொன்னப்ப நீங்க கீழ பாத்தீங்க. எனக்குப் புரிஞ்சுது. நீங்க இனிமே வாயத் தெறந்தா, அந்தப் பேச்சு லாட்ஜுல நிக்காது. உங்க வீட்டுக்குள்ள வந்து நிக்கும்.

எல்லம்மாள்: இன்னா சொல்றாரு இவரு?

வர்த்தமானன்: உங்க பொண்ணுக்கு இந்தத் தையில கல்யாணம் பேசியிருக்கீங்க. எல்லாம் யோசிச்சுப் பாருங்க.

ஆதிலட்சுமி: யோசிக்காம இல்ல சார்.

வர்த்தமானன்: யூகம்னு சொல்லிடுங்க. ஒரே வார்த்தை. "எல்லம்மா, நான் யூகத்துலதான் சொன்னேன்." அவகிட்டயும் அதான், களத்துலயும் அதான். அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். எல்லம்மா பொண்ணு படிப்பு, இவ வேலை, எல்லாத்துக்கும் நான் பொறுப்பு.

எல்லம்மாள்: யூகம்னா?

வர்த்தமானன்: தெரியாம, இப்படி இருக்கும்னு நெனச்சுச் சொல்றதும்மா.

எல்லம்மாள்: அப்படியா டீச்சர்? நெனச்சா சொன்ன? சொல்லேன்.

ஆதிலட்சுமி (மனத்துக்குள்): இத்தனை ஆண்டுகளாக எத்தனை பேருடைய "நான்" என் வாய் வழியாகப் போயிருக்கிறது. ரேஷன் கடைக்காரரின் நான், மீன் விற்கிறவளின் நான், பென்ஷன் வராத கிழவரின் நான். ஒவ்வொன்றையும் தடுமாறாமல் உரக்கச் சொன்னேன். இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரும் முன்னால் சொல்லிக் கொடுக்கவில்லை. திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை. குரல் வருமா என்று தெரியவில்லை.

வர்த்தமானன்: சைக்கிள் சத்தம் கேக்குது. ஜனங்க வந்துட்டாங்க ஆதிலட்சுமி. உங்ககிட்ட இதுவரைக்கும் எனக்குன்னு நான் எதையும் கேட்டதில்ல. இதை ஒண்ணு செய்யுங்க.

எல்லம்மாள்: டீச்சர், அழுவாத. அழுதா எனக்கு ஒண்ணும் புரியல. வார்த்தையா சொல்லு.

வர்த்தமானன்: யூகம்னு சொல்லுங்கம்மா. சொல்லிடுங்க.

ஆதிலட்சுமி: இல்ல சார். அதை மட்டும் கேக்காதீங்க. இன்னிக்கு நடுவுல நிக்க வேற யாரையாவது பாத்துக்குங்க, நான் இவ பக்கத்துல உக்கார்றேன்... எல்லம்மா, அப்பாசாமி குடிக்கல. பௌர்ணமிக்கு மொத நாளு, ரூமெல்லாம் புக்காயிடுச்சு, டேங்க் பொங்கி வழியுது, கழிவு எடுக்கற லாரி கெடைக்கல. அவன் மாட்டேன்னுதான் சொல்லியிருக்கான். "அஞ்சு நிமிஷம்தான், நான் மேலயே நிக்கறேன்"னு சொல்லி அவன் இடுப்புல கயிறு கட்டினது என் வீட்டுக்காரரு. உள்ள வெஷவாயு அடிச்சு விழுந்தவன இழுத்துப் பாத்தும் தூக்க முடியல, உள்ளங்கைத் தோலு கயித்தோட போயிடுச்சு. மொதலாளி சொன்னாருன்னு சட்டையில பிராந்தி ஊத்தினதும் அதே கைதான். வீட்டுக்கு வந்து, போலீஸ்ல சொல்லிடறேன்னு அழுதாரு. அந்தக் கைக்கு மருந்து போட்டு, "வேணாம், நமக்குப் பொண்ணு இருக்கு"ன்னு கதவ சாத்தினது நான்.